காருக்குள் மழை! தண்ணீர் எந்த வழியாக வருகிறது?

இரவெல்லாம் மழை. காலையில் குடும்பத்தோடு புறப்படுகிறீர்கள். கார்க் கதவைத் திறந்து காலை வைத்தால், "சளக்!"

தரை விரிப்பு ஊறிக் கிடக்கிறது. ஆனால் கண்ணாடிகள் எல்லாம் மூடித்தான் இருக்கின்றன. கூரையில் ஓட்டையும் இல்லை. பிறகு தண்ணீர் எப்படி வந்தது?

ஐப்பசி, கார்த்திகை மாத மழையில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. அதற்குப் பலர் செய்யும் வைத்தியம் என்ன தெரியுமா? கடையில் ஒரு பசைக்குழாய் வாங்குகிறார்கள். கண்ட இடத்தில் எல்லாம் பூசுகிறார்கள். அடுத்த மழையில் மறுபடியும் தண்ணீர்! பணம் போனதுதான் மிச்சம்.

ஏன் இப்படி? தண்ணீர் தேங்கும் இடம் வேறு. நுழையும் இடம் வேறு. ஓட்டு வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஓடு உடைந்தது ஓர் இடத்தில் இருக்கும். தண்ணீர் கைமரத்தின் வழியே ஓடி வேறு இடத்தில் சொட்டும். காரும் அப்படித்தான். ஆகவே முதலில் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். அடைப்பது அப்புறம்.

சும்மா விட்டால் என்ன ஆகும்?

தரை விரிப்புக்கு அடியில் கனமான பஞ்சு இருக்கிறது. விரிப்பு மேலே காய்ந்துவிடும். பஞ்சோ வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் நாற்றம் வரும். பிறகு பூஞ்சணம் பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தக் காற்று ஆகாது.

அடித்தகடும் துருப்பிடிக்கத் தொடங்கும். இக்காலக் கார்களில் பல மின்கம்பிகள் விரிப்புக்கு அடியில்தான் ஓடுகின்றன. அவற்றின் இணைப்புகளில் ஈரம் ஏறினால், விளக்கு எரியாது, கண்ணாடி இறங்காது. சேமிப்பைப் போட்டு வாங்கிய கார், கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும்.

மழையா? ஏ.சி.யா?

மழை பெய்யாத நாளிலும் காலடி நனைகிறதா? அப்படியானால் குற்றவாளி மழை அல்ல, ஏ.சி.யாக இருக்கலாம். ஏ.சி. ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அந்தச் சிறு குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் உள்ளே திரும்பிவிடும்.

தண்ணீர் நிறமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால், அது என்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட். அது விஷம். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். உடனே மெக்கானிக்கிடம் போங்கள்.

நான்கு வாசல்கள்

மழைத் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில்தான்.

ஒன்று, முன் கண்ணாடியின் அடி. வைப்பர்களுக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. கண்ணாடியில் வழியும் மழை அதில் இறங்கி, இரு பக்கத் துளைகள் வழியாக வெளியேறும். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் இலையும் பூவும் அந்தத் துளைகளை அடைத்துவிடும். தண்ணீர் உயர்ந்து, காற்று உள்ளே வரும் வழியாகக் காலடியில் கொட்டும்.

இரண்டு, கதவு. கதவுக் கண்ணாடியை ஒட்டி வழியும் தண்ணீர் கதவின் உள்ளே இறங்கத்தான் செய்யும். அது அடியில் உள்ள துளைகள் வழியாக வெளியே போய்விடும். உட்புறம் வராமல் தடுக்க, கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். ஸ்பீக்கர் மாட்டவோ, கண்ணாடியைப் பழுது பார்க்கவோ கதவைப் பிரித்தவர், அந்தத் தாளைச் சரியாக ஒட்டாமல் விட்டால் போச்சு! அடுத்த மழை உள்ளேதான்.

மூன்று, சன்ரூப். கூரைக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கீழே இறங்குகின்றன. அவற்றில் தூசி அடைத்தால் கூரைத்துணி நனையும்.

நான்கு, டிக்கி. பின்விளக்கைச் சுற்றியுள்ள ரப்பர், டிக்கி மூடியின் ரப்பர் பீடிங் இரண்டும் நாளடைவில் தளரும். தண்ணீர் ஸ்டெப்னி டயர் இருக்கும் குழியில் சேரும். இங்கே தேங்கினால் லேசில் தெரியாது. ஸ்டெப்னியைத் தூக்கிப் பாருங்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இதை மறக்க வேண்டாம்.

முன் கண்ணாடியைப் புதிதாக மாற்றிய காரா? அதன் ஓரத்தையும் சந்தேகப்படுங்கள்.

கண்டுபிடிப்பது எப்படி?

இதற்கு இரண்டு பேர் போதும். ஒருவர் காருக்குள்ளே டார்ச் விளக்கோடு உட்கார வேண்டும். மற்றவர் வெளியே தோட்டக் குழாயோடு நிற்க வேண்டும்.

முதலில் உள்ளே நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள். சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் வந்தால் அதில் கோடு விழும், வழி தெரிந்துவிடும்.

பிறகு தண்ணீரை மெதுவாக விடுங்கள். பீய்ச்சி அடிக்க வேண்டாம். கீழிருந்து தொடங்குங்கள். ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் விட்டுப் பார்த்து, அதன்பின் சற்று மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழியும். எது வழி என்று தெரியாது.

கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு காகிதத் துண்டு போதும். அதை வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இறுக்கமாக வந்தால் ரப்பர் நன்றாக இருக்கிறது. தடையின்றி வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது.

சரிசெய்வது எப்படி?

பல கார்களுக்குப் பசையே தேவைப்படாது. பள்ளத்தில் உள்ள இலைகளைக் கையால் அள்ளுங்கள். துளையைத் திறந்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே ஓடினால் வேலை முடிந்தது. சன்ரூப் குழாயில் மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக நுழைக்கலாம். கம்பியைக் குத்தாதீர்கள், காற்றை வேகமாக அடிக்காதீர்கள். குழாய் கிழியும், அல்லது கழன்றுவிடும்.

கதவின் அடித்துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடைத்தால் கதவுக்குள் தண்ணீர் நின்று துருப்பிடிக்கும். உள்ளே கிழிந்த பிளாஸ்டிக் தாளைப் பியூட்டைல் டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். தளர்ந்த ரப்பர் பீடிங்கை மாற்றிவிடுங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் பசையைத் தகட்டில் பூசவேண்டாம். அதுவே துருவுக்கு வழி. முன் கண்ணாடியின் ஓரத்தில் ஒழுகினால், அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ஒழுகல் நின்றபின், விரிப்பைத் தூக்கி அடிப்பஞ்சு வரை காயவைக்க வேண்டும். ஆசனத்துக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது ஏர்பேக் இணைப்பாக இருக்கலாம்.

புரட்டாசி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைச் சுத்தம் செய்யுங்கள். கதவின் அடித்துளைகளை ஒரு ஈர்க்குச்சியால் தட்டிவிடுங்கள். செலவில்லாத வேலை இது. பெரிய செலவையும் இதுவே தடுக்கும்.