உங்களுக்குத் தெரியுமா? பீரோவுக்குள் இருக்கும் சட்டம்

பாஸ்புக், பத்திரம், புரோநோட்டு, வாடகை ஒப்பந்தம் என்று எல்லா வீட்டு பீரோவிலும் நாலு காகிதம் இருக்கும். அவற்றைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருப்பது ஒன்று, சட்டம் சொல்வது வேறொன்று.

நாமினி சொந்தக்காரர் அல்ல

அப்பா வங்கி டெபாசிட்டுக்கு மூத்த மகனை நாமினியாகப் போட்டுவிட்டுக் காலமானால், பணம் முழுக்க மூத்தவருக்கே என்று ஆகிவிடாது. வங்கியிடமிருந்து பணத்தை வாங்கும் உரிமை மட்டுமே நாமினிக்கு உண்டு. வாங்கியதை உயில் இருந்தால் அதன்படியும், இல்லாவிட்டால் வாரிசுரிமைச் சட்டப்படியும் பிரித்துக் கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினியாகப் போடலாம். யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம்.

அம்மாவுக்கும் சம பங்கு

திருமணமான இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும்தான் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய அம்மா உயிரோடு இருந்தால் அவரும் முதல் நிலை வாரிசு. மனைவி, மகன், மகள், அம்மா நால்வருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. அப்பா இந்தப் பட்டியலில் வரமாட்டார். அவர் இரண்டாம் நிலை.

மகளின் பங்கு

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம்

வெள்ளைத்தாளில் எழுதினாலும் உயில் செல்லும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுதியவரின் கையெழுத்தும், அதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும்தான் கட்டாயம். பதிவான பழைய உயிலைப் பதிவாகாத புதிய உயில் ரத்து செய்துவிடும் என்பதால் தேதி போட மறக்காதீர்கள்.

செட்டில்மென்ட் எழுதும் முன் ஒரு வரி

பிள்ளைக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபின் அவர் கைவிட்டால், 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் போதும். ‘என்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்’ என்ற வரி பத்திரத்திலேயே இருந்தால் வழக்கு உறுதியாக நிற்கும். அந்த வரி இல்லாமல் போய் உச்ச நீதிமன்றம் வரை தோற்றவர்களும் உண்டு.

புரோநோட்டுக்கு மூன்று வருடம்

கேட்டதும் தருவதாக எழுதிய புரோநோட்டுக்குக் கெடு, எழுதிய தேதியிலிருந்து 3 ஆண்டுகள். அதற்குள் கடன் வாங்கியவர் கொஞ்சம் பணம் கட்டினால், நோட்டின் பின்பக்கத்தில் ‘இன்று அசலில் ரூ.10,000 செலுத்தினேன்’ என்று தேதியுடன் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்த நாளிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். கடன் கொடுத்தவர் தானே வரவு எழுதிக்கொண்டால் அது உதவாது.

திரும்பிய செக்

பணமில்லாமல் செக் திரும்பினால், வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தவருக்குப் பணம் கட்ட 15 நாள் அவகாசம். அப்போதும் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கடன் முடிந்ததா?

முழுக் கடனையும் கட்டிய 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இது ரிசர்வ் வங்கியின் விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். அடமானம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும்.

கரன்ட்டை நிறுத்த முடியாது

வாடகைத் தகராறு எவ்வளவு முற்றினாலும், வீட்டுக்காரர் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது. 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் இதைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்ட குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம் சொல்வதுதான்.

வக்கீல் ஃபீஸ் இல்லாமல்

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

கடைசியாக ஒன்று: குடும்பத்துக்குள் என்ன எழுத்து என்று கூச்சப்படாதீர்கள். பின்னால் உறவு முறியாமல் காப்பதும் அந்த எழுத்துதான்.