கடத்தல்காரரைப் பிடிக்க வந்த பாதை!

இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரத்தில் ஒரு நடைபாதை இருக்கிறது. அதன் நீளம் 630 மைல்!

ஒரு காலத்தில் அங்கே பிராந்தி, தேயிலை, புகையிலை எல்லாம் வரி கட்டாமல் இரவில் படகேறி வந்தன. 1822-ல் கடலோரக் காவல்படை அமைக்கப்பட்டது. படகு ஒதுங்கும் மூலைமுடுக்குகளை எல்லாம் மேலிருந்து எட்டிப் பார்க்க வேண்டும். அதனால், காவலர்கள் செங்குத்துப் பாறைகளின் விளிம்பிலேயே நடந்தார்கள். அந்தக் காலடித் தடமே பாதை ஆயிற்று!

1978-ல் இது முழுவதும் மக்கள் பாதையானது. வயல், மேய்ச்சல் நிலம், மீனவர் ஊர் என்று பார்த்துக்கொண்டே குடும்பத்தோடு நடக்கிறார்கள்.

ஆனால், விளிம்பில் ஆபத்து உண்டு. அலை அடியை அரிக்கிறது. மழைநீர் வெடிப்பில் இறங்குகிறது. பாறை திடீரென்று சரிகிறது! சரிந்த இடங்களில் பாதையை உள்ளே தள்ளிப் போடுகிறார்கள்.

காவலர் விளிம்பில் நடந்தது கடமைக்காக. வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் விலகி நடப்பதே நல்லது!