மேகமலை

மேகமலை என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் அமைந்துள்ள ஒரு மலைப்பகுதி ஆகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பகுதி, தேயிலைத் தோட்டங்கள், சோலைக் காடுகள், புல்வெளி முகடுகள், சிறு அணைகள் ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. இதன் மேற்கே கம்பம் பள்ளத்தாக்கும், கிழக்கே வருசநாட்டுப் பள்ளத்தாக்கும், தெற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகமும் உள்ளன. 2021-ஆம் ஆண்டு முதல் மேகமலைக் காடுகள் திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளன.

சுற்றுலாப் பயணிகளை இங்கு ஈர்க்கும் மேகமூட்டமே கீழேயுள்ள பள்ளத்தாக்கின் நீர் ஆதாரமும் ஆகும். மலையில் பல இடங்களுக்கு நேரக் கட்டுப்பாடும் நுழைவுத் தடையும் இருப்பதற்கான காரணத்தை அறிய, இந்தத் தொடர்பை முதலில் அறிதல் வேண்டும்.

பெயர்

ஆண்டின் பெரும்பகுதியில் முகடுகளை மேகம் மூடியிருப்பதால் மேகமலை எனப் பெயர் வழங்குகிறது. பச்சைக்கூமாச்சி மலை என்பது இதன் பழைய பெயர்களுள் ஒன்று. ஆங்கிலேயர் காலத் தோட்டக்காரர்கள் வழங்கிய ஹைவேவிஸ் என்னும் பெயர், அலைபோல் எழுந்து தாழும் உயர்ந்த முகடுகளைக் குறிப்பது. இப்பெயர் இன்றும் இங்குள்ள பேரூராட்சியின் பெயராக நிலைத்துள்ளது.

நிலமும் நீரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகளில் புல்வெளியும் சோலையும் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. காற்று வீசும் திறந்த சரிவுகளில் புல்லும், நீர் தங்கும் மடிப்புகளில் குட்டையான, பாசி படர்ந்த மரங்கள் அடர்ந்த சோலையும் அமைகின்றன. மரங்கள் அருகிய, மூடுபனி சூழ்ந்த மேட்டுநிலம் என்னும் வகையில் இப்புல்வெளிகளை இங்கிலாந்தின் டார்ட்மூர், எக்ஸ்மூர் தேசியப் பூங்காக்களுடன் ஒப்பிடலாம். அங்கும் மேட்டுநிலத்தின் ஈரமே ஆறுகளின் தொடக்கமாக உள்ளது. ஆயினும் வெப்பமண்டலச் சோலையும் அதில் வாழும் யானையும் புலியும் இம்மலைகளுக்கே உரியவை.

கம்பம் பள்ளத்தாக்கு மழைமறைவுப் பகுதியில் உள்ளது. தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தின் பெரும்பகுதியை மலையிலேயே இறக்கிவிடுவதால், பள்ளத்தாக்கில் நேரடியாகப் பெய்யும் மழை குறைவு. எனினும் இங்கு நெல், வாழை, தென்னை, திராட்சை ஆகியவை விளைகின்றன. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இவ்விளைச்சலுக்கான நீர் மலையிலிருந்து வருகிறது. சோலை மண்ணும் புல்லின் வேர்களும் மழைநீரைப் பிடித்து வைத்து, மழை நின்ற பின்னும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுகின்றன. புல்வெளி எரிந்தாலோ சோலை அழிந்தாலோ மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு விரைந்து ஓடிவிடும். கோடையில் ஓடைகள் வறண்டுவிடும்.

மேகமலையின் மேற்குச் சரிவு நீர் சுருளியாற்றில் சேர்கிறது. கிழக்குச் சரிவு நீர் வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வைகையை அடைகிறது. இரண்டும் தேனிக்கு அருகே ஒன்றாகி, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குச் செல்கின்றன. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்கள் இந்நீரால் பயன்பெறுகின்றன.

மலை மேலுள்ள இடங்கள்

* மலைப்பாதை: சின்னமனூரிலிருந்து ஹைவேவிஸ் வரை சுமார் 40 கி.மீ. தூரம். அடிவாரத்தில் தென்பழனியில் வனத்துறைச் சோதனைச் சாவடி உள்ளது. அதற்கு மேல் 18 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இவ்வளைவுகளுக்குப் பூக்களின் தமிழ்ப் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. முட்புதர்க் காட்டில் தொடங்கும் பாதை, இலையுதிர் காட்டைக் கடந்து, பசுமைமாறாக் காட்டில் நுழைந்து, தேயிலைத் தோட்டங்களை அடைகிறது. ஒரே பயணத்தில் இத்தனை வகைக் காடுகளையும் காண இயலுவது மாணவர்களுக்குப் பயன்தரும்.

* ஹைவேவிஸ், மணலாறு, இரவங்கலாறு, வெண்ணியாறு, தூவானம் அணைகள்: இவை மலைமேல் கட்டப்பட்ட சிறு அணைகள் ஆகும். தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஏரிபோல் காட்சியளிக்கும் இவற்றைக் காணவே பயணிகள் மிகுதியாக வருகின்றனர். இங்குத் தேங்கும் நீர், மலையின் உயரத்தைப் பயன்படுத்தி, கீழேயுள்ள 35 மெகாவாட் திறன்கொண்ட சுருளியாறு மின் நிலையத்தில் மின்சாரம் எடுக்க உதவுகிறது.

* மகாராஜாமெட்டு: இரவங்கலாற்றுக்கு அப்பால் உள்ள காட்சிமுனை. வானம் தெளிந்த வேளையில் தெற்கே கேரள மலைகளும் காடுகளும் தென்படும். யானை நடமாட்டம் உள்ள இடம் என்பதால் வனத்துறையினர் அனுமதிக்கும் போது மட்டுமே செல்ல இயலும்.

மலைமேல் உள்ள ஊர்களின் மக்களுள் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மருத்துவம், மேற்படிப்பு, அங்காடி ஆகியவற்றுக்கு இவர்கள் சின்னமனூருக்கு இறங்கிவர வேண்டும். பயணிகளுக்கான மலைப்பாதையே இவர்களின் ஒரே பெரிய சாலையும் ஆகும்.

மலையடிவார இடங்கள்

* சுருளி அருவி: கம்பத்திலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில், மேகமலையிலிருந்து வரும் நீர் இரு நிலைகளாக விழுகிறது. அருகில் குகைக் கோயில்கள் உள்ளன. ஆடி, தை அமாவாசை நாட்களில் முன்னோர் வழிபாட்டிற்காக மக்கள் திரளுவர். மலைமேல் பெய்யும் மழையால் அருவியில் திடீரென வெள்ளம் பெருகக்கூடும். கீழே வெயில் அடித்தாலும் குளிக்கத் தடை விதிக்கப்படுவது இதனாலேயே.

* சின்னச் சுருளி: மேகமலை அருவி என்றும் அழைக்கப்படும் இது, மலையின் கிழக்குப் பக்கத்தில், கோம்பைத்தொழுவுக்கு அருகே உள்ளது.

* லோயர் கேம்ப்: பெரியாற்று நீர் தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாகத் தமிழகத்திற்கு இறங்கும் இடம். இங்குப் பெரியாறு நீர்மின் நிலையமும், முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபமும் உள்ளன. 1895-இல் முடிக்கப்பட்ட அந்த அணை, மேற்கே அரபிக்கடலுக்குச் சென்ற நீரைக் கிழக்கே திருப்பியது. பள்ளத்தாக்கு உழவர்கள் பென்னிகுயிக் பிறந்தநாளில் பொங்கலிட்டு நன்றி செலுத்துகின்றனர்.

* மங்கலதேவி கண்ணகி கோயில்: தமிழக–கேரள எல்லையில் பெரியாறு காட்டின் உயரத்தில் உள்ள பழமையான கற்கோயில். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில் மட்டும் வழிபாட்டிற்கு அனுமதி உண்டு. குமுளியிலிருந்து ஜீப் மூலமும், லோயர் கேம்ப் அருகேயுள்ள பளியன்குடியிலிருந்து நடந்தும் மக்கள் செல்கின்றனர்.

* தேக்கடி: குமுளியை ஒட்டிக் கேரளத்தில் உள்ளது. முல்லைப் பெரியாறு அணையால் உருவான ஏரியில் படகுப் பயணம் நடைபெறுகிறது. சுற்றியுள்ள காடு 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. அதன் உட்பகுதி பின்னர் தேசியப் பூங்கா ஆயிற்று.

போடி மலைகள்

பள்ளத்தாக்கின் வடமேற்கில், போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள மலைகளிலும் இதே புல்வெளி–சோலை அமைப்பு தொடர்கிறது.

* குரங்கணி: போடியிலிருந்து செல்லும் சாலை முடிவடையும் சிற்றூர். முற்காலத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் மலை உச்சியிலிருந்து கம்பிவடம் மூலம் கொட்டகுடிப் பகுதிக்கு இறக்கப்பட்டது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு தொடர்வண்டிப் பாதை 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது.

* கொழுக்குமலை: சுமார் 2100 மீட்டருக்கு மேல் அமைந்த தேயிலைத் தோட்டம். தேனி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், வாகனங்கள் கேரளத்தின் சூரியநெல்லி வழியாகவே செல்ல இயலும். கதிரவன் எழுவதைக் காண விடியலுக்கு முன்பே பயணிகள் வருவர்.

* இரவிகுளம் தேசியப் பூங்கா: மூணாறு அருகே கேரளத்தில் உள்ளது. 97 சதுர கி.மீ. பரப்பளவில், உயர்மலைப் புல்வெளியையும் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டையும் காணத் தகுந்த இடம். ஆனைமுடி (2695 மீட்டர்) இதனுள் அடங்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருமளவில் பூக்கும் நீலக்குறிஞ்சி இங்கு 2018-இல் பூத்தது.

உயிரினங்கள்

யானை, புலி, காட்டெருது, வரையாடு, சிங்கவால் குரங்கு, இருவாச்சிப் பறவை ஆகியவை மேகமலைப் பகுதியில் வாழ்கின்றன. அறிவியலுக்கு இம்மலை அளித்த அரிய உயிரினம் சலீம் அலி பழந்தின்னி வௌவால் ஆகும். 1948-இல் இங்குள்ள காப்பித் தோட்டம் ஒன்றில், இயற்கையியலாளர் ஆங்கஸ் ஹட்டன் இதைப் பிடித்துப் பதப்படுத்தினார். வேறொரு பொதுவான வௌவால் எனத் தவறாகக் குறிக்கப்பட்டு அது பம்பாயில் பல ஆண்டுகள் கிடந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதனைப் புதிய இனமென அறிந்து, பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சூட்டினார். ஹட்டன் பெயரால் வழங்கும் குழிவிரியன் பாம்பும் இம்மலையிலிருந்தே முதலில் விவரிக்கப்பட்டது.

பாதுகாப்பும் கட்டுப்பாடுகளும்

மேகமலை வனவிலங்குச் சரணாலயமும் திருவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயமும் இணைக்கப்பட்டு, 2021 பிப்ரவரியில் சுமார் 1016 சதுர கி.மீ. பரப்பில் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது புலிகள் காப்பகம் ஆகும். வைகையின் நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காத்தலும் இதன் எதிர்பார்க்கப்படும் பயன்களுள் ஒன்று.

உயர்மலைப் புல்வெளியின் ஆபத்தை நாடு அறிந்தது 2018-இல் ஆகும். அவ்வாண்டு மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். கோடையின் தொடக்கத்தில் ஆளுயரப் புல் காய்ந்திருக்கும். சரிவில் தீ மேல்நோக்கி மிக விரைவாகப் பரவும். காற்றுடன் சேர்ந்தால் மனிதரால் ஓடித் தப்ப இயலாது. இவ்விபத்திற்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்திற்கு விதிகள் வகுத்தது. வழிகாட்டியுடன் முன்பதிவு செய்து செல்லும் 40 மலையேற்ற வழிகள் 2024 அக்டோபரில் அறிமுகம் செய்யப்பட்டன. காட்டுத்தீக் காலத்தில் மலையேற்றம் நிறுத்தப்படுகிறது.

விலங்குகளுக்கு மாநில எல்லை இல்லை என்பதை 2023-ஆம் ஆண்டு நிகழ்வு காட்டியது. கேரளத்தின் சின்னக்கானலில் ஏப்ரல் மாதம் பிடிக்கப்பட்டு, பெரியாறு காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்னும் யானை, மேகமலைக்குள் வந்தது. பின்னர் மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்தது. அப்போது காயமுற்ற ஒருவர் இறந்தார். மேகமலைக்குப் பயணிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. ஜூன் 5 அன்று யானை பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக் காட்டில் விடப்பட்டது.

சென்று வருதல்

அருகிலுள்ள வானூர்தி நிலையம் மதுரை. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட மதுரை–போடி தொடர்வண்டி, 2022-இல் தேனி வரையிலும் 2023-இல் போடி வரையிலும் மீண்டும் இயங்கத் தொடங்கியது. சின்னமனூரிலிருந்து மலைக்குப் பேருந்துகள் உண்டு, எண்ணிக்கை குறைவு. இருட்டிய பின் மலைப்பாதையில் செல்ல அனுமதி இல்லை. மழைக்காலத்தில் மண்சரிவும் அட்டைத் தொல்லையும் உண்டு. மழை ஓய்ந்த பின்வரும் குளிர்மாதங்கள் பயணத்திற்கு ஏற்றவை.

நெகிழிப் பொருட்களைக் கொண்டு செல்வதும், தீ மூட்டுவதும், அணைகளிலும் ஓடைகளிலும் குப்பை போடுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. மலைமேல் ஓடையில் விழும் பொருள், கீழே குடிநீராகவும் பாசன நீராகவும் பயன்படும் அதே ஆற்றைச் சென்றடைகிறது.