சுருளை வெட்டாதீங்க, தம்பி

"அண்ணே, காரைத் தாழ்த்தணும், ஸ்பிரிங்குல ரெண்டு சுருள் வெட்டிடுங்க." ஜெலுத்தோங்கில் உள்ள என் பட்டறைக்கு மைவி காரோடு வரும் பையன்களின் முதல் வாக்கியம் இதுதான். நான் திருப்பிக் கேட்பது, "தம்பி, எங்கே ஓட்டுவே?" 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் எந்த ஸ்பிரிங்கும் நல்ல பிள்ளைதான். அடுக்குமாடி வாசல் மேட்டில்தான் குட்டு உடையும்.

வெட்ட ஒரு கிரைண்டர் போதும். வேலை செய்யும் ஆறு சுருளில் ஒன்று போனால் ஸ்பிரிங் சுமார் 20 விழுக்காடு இறுகும். வெட்டிய முனை தட்டில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் தொங்கும்போது இடம் நழுவலாம். காசு போனாலும் அந்த வேலையை நான் தொடுவதில்லை. தாழ்த்துவதற்கென்றே செய்த ஸ்பிரிங் கிடைக்கிறதே!

அப்சோர்பரைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. காரைத் தாங்குவது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவது அப்சோர்பருக்குள் சிறு துளைகளில் நெருக்கிப் போகும் எண்ணெய். இறுகிய ஸ்பிரிங் கூடுதல் விசையோடு திரும்பும். தேய்ந்த பழைய அப்சோர்பரால் அதை அடக்க முடியாது. பத்து பெரிங்கி வளைவுகளில் கார் அலையும். கார் தாழ்ந்ததால் அப்சோர்பர் தண்டு இறங்கவும் இடம் குறைவு; குழியில் விழுந்தால் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். ஆகவே ஸ்பிரிங்குக்கு இணையான, குட்டைத் தண்டு அப்சோர்பராகச் சேர்த்தே வாங்குங்கள்.

தீபாவளிக்கு ஐந்து பேரும் முறுக்கு டின்களும் ஏறும் கார் என்றால் 30 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்தாதீர்கள். மாற்றும் முன் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) விதிகளை விசாரியுங்கள். மாட்டிய கையோடு சக்கர அலைன்மென்ட் பாருங்கள். விட்டால் டயரின் உள்விளிம்பு தேயும், வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.