கதிரவன் படங்களும் அருவ இனக்குழுவும்

பழனி மலைத்தொடரில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் அமைந்துள்ளது. 1899ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இவ்வாய்வகத்தில், சூரியப் புள்ளிகளில் வளிமம் ஆரப்போக்கில் வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தார். இங்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்ணாடித் தகடுகளிலும் படச்சுருள்களிலும் பதிவான கதிரவன் படங்கள் இன்று எண்மிய வடிவம் பெற்றுள்ளன. இப்படங்களைப் பகுத்தாயும் நிரல் ஒன்று எழுதப்படுவதாகக் கொள்க. அந்நிரலுக்கு அடித்தளமாக அமையத்தக்கது, பொருள்நோக்கு நிரலாக்கத்தின் அருவ இனக்குழு என்னும் கருத்தாகும்.

மூவகைப் படங்கள்

கொடைக்கானல் படங்களுள் மூவகை முதன்மையானவை. வெண்ணொளிப் படத்தில் சூரியப் புள்ளிகள் கருமையாகத் தோன்றும். 393 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கால்சியம் ஒளியில் எடுத்த படத்தில் காந்தப்புலம் மிகுந்த பகுதிகள் பொலிவுடன் காணப்படும். 656 நானோமீட்டர் அலைநீளமுடைய ஐதரசன்-ஆல்பா படத்திலோ கரிய இழைகள் புலப்படும்.

இம்மூன்றுக்கும் பொதுவான பணிகள் சில உள்ளன. படம் எடுத்த நாளையும் நேரத்தையும் பதிதல், வட்டத்தின் மையத்தையும் ஆரத்தையும் காணுதல், இனங்கண்ட கூறுகளின் பரப்பைக் கணக்கிடுதல் ஆகியன அவை. ஆனால், கூறுகளை இனங்காணும் முறை வகைதோறும் வேறுபடும். ஒன்றில் கருமையைத் தேடவேண்டும். மற்றொன்றில் பொலிவைத் தேடவேண்டும். பிறிதொன்றில் இழையின் வடிவத்தைத் தேடவேண்டும்.

அருவமும் உருவமும்

பொதுவான பணிகள் ‘கதிரவன் படம்’ என்னும் அடிப்படை இனக்குழுவில் ஒருமுறை மட்டுமே எழுதப்படும். ‘கூறுகளை இனங்காண்’ என்னும் செயற்கூறோ அதில் பெயரளவில் மட்டும் அறிவிக்கப்படும். அதற்கு உடற்பகுதி இராது. இவ்வாறு அறிவிக்கப்படுவது அருவச் செயற்கூறு. அதனைக் கொண்ட இனக்குழு அருவ இனக்குழு எனப்படும். எவ்வகையையும் சாராத பொதுவான கதிரவன் படம் ஆய்வகத்தின் எந்தத் தகட்டிலும் இல்லை. அதுபோலவே, அருவ இனக்குழுவுக்குப் பொருள்களை உருவாக்க இயலாது. அதிலிருந்து தருவிக்கப்பட்ட மூன்று இனக்குழுக்களும் தத்தம் முறையை வரையறுத்த பின்னரே பொருள்கள் உருவாகும். பரப்பைக் கணக்கிடும் பொதுச் செயற்கூறு, எவ்வகைப் படம் வந்தாலும் அதற்குரிய இனங்காணும் முறையை அழைத்துக்கொள்ளும்.

சுழியம் என்னும் பிழை

அருவச் செயற்கூற்றுக்கு மாறாக, ‘கூறுகள் எவையும் இல்லை, விடை சுழியம்’ என்று அடிப்படை இனக்குழுவிலேயே எழுதிவிட்டால் என்ன ஆகும் என்ற வினா எழலாம். நிரலர் ஒருவர் கால்சியம் படத்திற்குரிய முறையை எழுத மறந்தாலும் நிரல் தடையின்றி இயங்கும். ஆண்டுக்கணக்கான படங்களுக்குச் சுழியத்தையே விடையாகத் தரும். ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியில் கதிரவனின் செயற்பாடு மிகவும் தணியும் காலங்கள் உண்டு. ஒரு புள்ளிகூட இல்லாத நாள்களும் உண்டு. ஆதலால் சுழியம் என்பது நம்பத்தகுந்த விடையாகவே தோன்றும். மறதியால் விளைந்த சுழியத்தையும் கதிரவன் தந்த சுழியத்தையும் வேறுபடுத்தி அறிதல் அரிது.

அருவச் செயற்கூறு இப்பிழைக்கு இடந்தருவதில்லை. சி++, ஜாவா ஆகிய மொழிகளில், வரையறை விடுபட்ட இனக்குழுவுக்குப் பொருளை உருவாக்க முனைந்தால், நிரல்பெயர்ப்பி அதனை ஏற்காது. நிரல் இயங்கும் முன்னரே குறையைச் சுட்டிக்காட்டும். சி++ மொழியில் 1989ஆம் ஆண்டு வெளியான இரண்டாம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது.

பொதுவானதை ஒருமுறை எழுதுதலும், வேறுபடுவதை உரிய இடத்தில் எழுதுமாறு கட்டாயப்படுத்துதலும் அருவ இனக்குழுவின் இரு பயன்களாகும். விடை அறியாத இடத்தில் பொய்விடை தருவதினும் அவ்விடத்தை வெறுமையாக விடுதல் நன்று. பல தலைமுறையினர் நாள்தோறும் திரட்டிய பதிவுகளின் நம்பகத்தன்மை இவ்வொழுங்கினால் காக்கப்படும்.