இருபத்தெட்டாவது சுற்றில் தீர்ந்த நூல்

கோத்தகிரியிலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அழாத குறை. "ஞாயித்துக்கிழமை பேத்தியைத் தொட்டில்ல போடுறோம்மா. அஞ்சாவது கலர் பத்தலைன்னு ஒரு சுத்து முன்னாடியே ஆறாவதை எடுத்தேன். இப்ப இருபத்தெட்டாவது சுத்துல பாதியில நிக்குது. முதல் கலர் உருண்டை மட்டும் வாங்கினபடியே இருக்கு. எங்கம்மா தப்புப் பண்ணினேன்?"

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது.

ஈரோட்டில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு சிறிய நூல் கடை. அந்தக் கடை நூலில் நான் குரோஷேப் போர்வைகள் வடிவமைக்கிறேன். நூலும் செய்முறைத் தாளும் ஊசியும் வைத்து ஒரு பெட்டியாக விற்கிறோம். நான் போட்ட முதல் பெட்டி ஒரு குழந்தைப் போர்வை. நடுவிலிருந்து சதுரமாகச் சுற்றிச் சுற்றி வெளியே விரியும் கிரானி ஸ்கொயர். ஆறு நிறம், நிறத்துக்கு ஐந்து சுற்று, மொத்தம் முப்பது சுற்று. போட்டு முடித்தால் பக்கத்துக்கு முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். என் மாதிரிப் போர்வையைத் தராசில் வைத்தபோது 350 கிராம். தாராளமாக இருக்கட்டும் என்று 450 கிராமாக்கி, ஆறு உருண்டை, உருண்டைக்கு 75 கிராம் என்று கட்டிக் கொடுத்தேன். நூறு கிராம் கூடுதலாகவே தருகிறோம் என்ற திருப்தி வேறு. நான் மாதிரி போட்டதோ பெரிய கோன்களிலிருந்து. எந்த நிறம் எவ்வளவு போனது என்று எனக்கே தெரியாது.

அன்று மாலை கடையில் மாமனார் அந்த மாதிரியை மேசையில் விரித்து விரலால் தடவிக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷம் நெசவாளர்களுக்கு நூல் நிறுத்துக் கொடுத்த கை அது. "அம்மிணி, ஜமக்காளத்துல பட்டை எங்க இருந்தாலும் ஒரே நீளம். இது வெளிய போகப் போக நீண்டுக்கிட்டே போகுதல்லோ? அப்பறம் எப்படி எல்லாத்துக்கும் ஒரே எடை போட்டே?" என்றார்.

"தெரியாமப் போட்டுட்டனுங்க மாமா" என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

உட்கார்ந்து எண்ணினேன். கிரானி ஸ்கொயரில் மூன்று மூன்று தையலாகக் கொத்துக் கொத்தாகப் போடுகிறோம். முதல் சுற்றில் 4 கொத்து, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 12. முப்பதாவது சுற்றில் 120. எல்லாம் கூட்டினால் 1,860 கொத்து. இதில் முதல் ஐந்து சுற்றுக்கு 60 கொத்துதான். அடுத்த ஐந்துக்கு 160, பிறகு 260, 360, 460, கடைசி ஐந்துக்கு 560. கிராமில் சொன்னால் முதல் நிறத்துக்கு 11 கிராம் போதும், கடைசி நிறத்துக்கு 105 வேண்டும். நான் இரண்டுக்கும் 75 கொடுத்திருக்கிறேன். பதினைந்து சுற்று முடித்த பெண் பாதிப் போர்வை வந்துவிட்டது என்று நினைப்பாள். உண்மையில் கால்பங்குக்குச் சற்று மேலேதான் வந்திருக்கும்.

இந்தச் சதுரம் அச்சில் வந்தது 1885ல், அமெரிக்காவின் 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற விவசாயப் பத்திரிகையில். வீட்டில் மிச்சம் கிடக்கும் துண்டு நூல்களை வீணாக்காமல் போர்வையாக்கும் வழி அது. மிச்ச நூலில் போடுகிறவருக்கு ஒரு நிறம் தீர்ந்தால் அடுத்தது, கணக்கே வேண்டாம். நூலை அளந்து பெட்டியில் அடைத்து, இதற்குள் முடியும் என்று காசு வாங்குகிறவருக்குத்தான் கணக்கு வேண்டும். நல்லவேளை, அதே சாய லாட்டில் கோன் மிச்சமிருந்தது. மறுநாள் கூரியரில் கோத்தகிரிக்குப் போனது. அந்தப் பெட்டி வாங்கிய மற்றவர்களுக்கும் கேட்காமலே கடைசி இரண்டு நிறத்தையும் அனுப்பிவைத்தோம்.

எங்கள் கடை குரோஷேக்காகத் தொடங்கியது இல்லை. சென்னிமலை, பவானிப் பக்கத்துக் கைத்தறிக்காரர்களுக்குச் சிட்டா நூல், அதாவது கோனில் சுற்றாமல் சிட்டம் சிட்டமாகக் கட்டிய நூல், கொடுத்துவந்த கடை. கைத்தறிக்காக நூற்பாலைகள் கட்டாயமாகச் சிட்டாவாகத் தரவேண்டிய பங்கையே 2019ல் 40 சதவீதத்திலிருந்து 30ஆக அரசு குறைத்தது. எங்கள் கடைக் கணக்குப் புத்தகத்தில் அதற்கு வெகுநாள் முன்பே பெயர்கள் குறையத் தொடங்கிவிட்டன. ஒரு தறிக்காரர் இறந்துபோவார், மகன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போவான், அந்தப் பக்கத்தில் அதற்குமேல் வரவு எழுத ஒன்றும் இருக்காது. நான் மருமகளாக வந்தபோது பின்கட்டில் நூல் சுற்றும் பரிவட்டமும் ராட்டையும் சும்மா கிடந்தன. மாமியார் சின்ன வயதில் தறிக்குத் தார் சுற்றியவர். நான் மதியம் உட்கார்ந்து குரோஷே போடுவதைப் பார்த்து, "அந்த உல்லனை விட்டுப்போட்டு நம்ம நூல்ல போடு கண்ணு" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

தமிழ்நாட்டுக் கடைகளில் உல்லன் நூல் என்று வாங்குவது பெரும்பாலும் கம்பளி அல்ல, லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக். நிறம் நன்றாக நிற்கும், எடை குறைவு, விலையும் குறைவு. அதைக் குறை சொல்லமாட்டேன், நான் பழகியதே அதில்தான். ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும், வியர்வையை உறிஞ்சாது. ஈரோட்டு வெயிலில் பிறக்கும் குழந்தைக்குப் போர்த்த எனக்கு மனம் வரவில்லை. பருத்திப் போர்வையைக் கொதிநீரில் அலசலாம். குரோஷேயில் இடைவெளி இருப்பதால் காற்றும் வரும்.

நெசவு நூலை எடுத்து அப்படியே குரோஷே போட முடியாது. அது மெல்லியது. நூல் கணக்கு இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். 840 கெஜம் ஒரு சிட்டம், ஒரு ராத்தலுக்கு, அதாவது ஒரு பவுண்டுக்கு, எத்தனை சிட்டமோ அதுவே நம்பர். 10ஆம் நம்பர் நூலென்றால் கிராமுக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அதில் எட்டு இழையைச் சேர்த்து முறுக்கினால் 4 மில்லிமீட்டர் ஊசிக்குத் தோதான கனம் வருகிறது, 100 கிராமுக்குச் சுமார் 200 மீட்டர். டபுளிங் போடுபவரிடம் போய் உட்கார்ந்து முறுக்கைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாதம் ஆனது. முறுக்கு குறைந்தால் ஊசியின் கொக்கி எட்டு இழையில் ஆறைப் பிடித்து இரண்டை விட்டுவிடும். கூடினாலோ உருண்டையிலிருந்து வரும்போதே நூல் தன்மேல் தானே சுருண்டு முடிச்சு விழும், போர்வையும் கித்தான் மாதிரி விறைத்து நிற்கும். அவர் பொறுமையாக நான்கு முறை மாற்றிக் கொடுத்தார். நான்காவது கோனைக் கையில் எடுத்து இரண்டு விரலுக்கிடையே உருட்டியபோது, இழைகள் பிரியவும் இல்லை, விறைக்கவும் இல்லை. அந்த இடத்திலேயே ஒரு சின்னச் சதுரம் போட்டுக் காட்டினேன். "இதுக்குத்தானுங்களா இந்தப் பாடு?" என்று வாங்கிப் பார்த்துவிட்டு, பேத்திக்கு வேண்டுமென்று வைத்துக்கொண்டார்.

பருத்திக்கும் ஒரு குணம் உண்டு. பெரிய கட்டிலுக்கு ஒன்று போட்டேன், ஏறக்குறைய இரண்டு கிலோ. துவைத்துக் கொடியில் காயப்போட்டேன். தண்ணீர் குடித்த கனத்தில் அது தன்னைத்தானே கீழே இழுத்துக்கொண்டு ஒரு சாண் நீண்டுவிட்டது. திரும்பப் பழைய அளவுக்கு வரவே இல்லை. இப்போது பெரிய போர்வையென்றால் உயரமான டிரெபிள் தையலை அடுக்கமாட்டேன். இடையிடையே சிங்கிள் வரிசைகளைக் கட்டுப்போல் ஓடவிடுகிறேன். பெட்டிக்குள் "கொடியில் தொங்கவிடாதீர்கள், பாயில் விரித்துக் காயவையுங்கள்" என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு வைக்கிறேன்.

நிறம்தான் இன்னும் பெரிய பிரச்சினை. எங்களுக்குச் சாயம் போட்டுத் தருபவர் நிறத்துக்கு 10 கிலோவுக்குக் குறைந்து எடுப்பதில்லை. அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. நொய்யல் ஆறு சாக்கடையாகி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொன்னது இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விடக்கூடாது என்றால் அதற்கு ஆகும் செலவை யாராவது தரத்தான் வேண்டும். கைப்பிடி நூலுக்காகத் தொட்டியை ஓட்டினால் அவருக்குக் கட்டாது. ஆக ஆறு நிறப் போர்வை என்று நான் காகிதத்தில் வரைந்தால், அலமாரியில் 60 கிலோ நூலாக எங்கள் பணம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது அந்தக் கொத்துக் கணக்கை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு போர்வைக்கு நடு நிறம் 11 கிராம், ஓர நிறம் 105 கிராம். நூறு பெட்டி கட்டுவதற்குள் ஓர நிறம் 10 கிலோவும் தீர்ந்துவிடும், நடு நிறம் ஒன்பது கிலோ அப்படியே கிடக்கும். மறுபடி சாயத்துக்குக் கொடுத்தால் அது வேறு லாட். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் பக்கத்தில் வைத்துப் போட்டதும் கோடு விழும்.

ஒரு ராத்திரி குழந்தைகள் தூங்கியபின் இந்த ஆறு எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். 60, 160, 260, 360, 460, 560. முதலும் கடைசியும் கூட்டினால் 620. இரண்டாவதும் ஐந்தாவதும் 620. நடு இரண்டும் 620! அதே போர்வையை நிற வரிசையைத் தலைகீழாக்கி இன்னொன்று போட்டால், இரண்டுக்கும் சேர்த்து ஒவ்வொரு நிறமும் சரியாக ஒரே அளவு செலவாகும், 117 கிராமுக்கு ஒரு பிசிறு குறைவு. கூடுதலாக ஒரு பத்துக் கிராம் வைத்தால்கூட 10 கிலோவில் எழுபத்தெட்டு ஜோடி. அலமாரி ஒரே சீராகக் காலியாகும். எழுந்துபோய் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். பாதித் தூக்கத்தில் கேட்டுவிட்டு, "ரெண்டும் அழகா இருக்குமா?" என்றார்.

அந்தக் கேள்வி சரியானது. மஞ்சளில் தொடங்கி மாந்தளிர், பச்சை என்று போய்க் கருநீலத்தில் முடியும் போர்வை விளக்கு ஏற்றியதுபோல் இருந்தது. கருநீலத்தில் தொடங்கினாலோ நடுவில் ஒரு கறை விழுந்த மாதிரி. இரண்டு பக்கமிருந்து பார்த்தாலும் நிற்கக்கூடிய ஆறு நிறங்களைக் கண்டுபிடிக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கடைசியில் கருநீலத்தை எடுத்துவிட்டுக் கத்தரிப்பூ நிறத்தை வைத்தேன், ஒரு நிறத்துக்குச் சாயமே போடாத பழுப்பு வெள்ளை நூலை வைத்தேன். இரண்டும் நின்றன. அக்கா, தங்கை என்று பெயர் வைத்தோம். இப்போது அவைதான் அதிகம் விற்கின்றன.

ஏன் போர்வையாகவே போட்டு விற்கக் கூடாது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அந்தக் குழந்தைப் போர்வைக்கு எனக்கு ஏழெட்டு மணி நேரமாகிறது. பெரியதென்றால் வாரக்கணக்கு. பின்னலாடையை எந்திரம் பின்னுகிறது, குரோஷேயை அப்படியே போடும் எந்திரம் இன்றுவரை சந்தைக்கு வரவில்லை. மலிவு விலையில் ஒரு நிஜமான குரோஷே துணி தொங்கினால் எங்கோ ஒரு பெண்ணின் மணி நேரங்களுக்குக் கூலி போகவில்லை என்று பொருள். ஆந்திரத்து நர்சாபூரில் குரோஷே லேஸ் போடும் பெண்களைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் மரியா மீஸ் 1982ல் ஒரு புத்தகமே எழுதினார். உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் சரக்கைப் போடும் அவர்களை ஊர் "வீட்டில் சும்மா இருப்பவர்கள்" என்றே கணக்கில் வைத்திருந்தது. எங்களிடம் மாதிரி போட்டுப் பார்க்கும் இரண்டு பெண்களுக்கு மணிக்கணக்கில்தான் சம்பளம். அந்தச் சம்பளத்தை வைத்துப் பெரிய போர்வைக்கு விலை போட்டால் ஈரோட்டில் வாங்க ஆள் இல்லை, குறைத்துப் போட எனக்கு விருப்பமில்லை. அதனால் நூலும் வழியும் எங்களுடையது, கை உங்களுடையது.

கைகளுக்குப் பஞ்சமும் இல்லை. 2016 ஜனவரி 31ல் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' பெண்கள் 11,148.5 சதுர மீட்டருக்குப் போர்வை போட்டுக் கின்னஸில் ஏறினார்கள். அவரவர் வீட்டில் போட்ட துண்டுகள் ஒன்றாகச் சேர்ந்தது அது.

செய்முறைத் தாளைத் தமிழில் எழுதுவதில் ஒரு வில்லங்கம் உண்டு. இங்கிலாந்துக்காரர்கள் டபுள் என்பதை அமெரிக்கர்கள் சிங்கிள் என்கிறார்கள், அவர்களுடைய டிரெபிள் இவர்களுக்கு டபுள். கான்வென்ட்டில் கற்ற அத்தைகள் முதல் வகை, யூடியூபில் கற்ற பெண்கள் இரண்டாவது வகை. ஒரே தாளைப் படித்து இருவர் இரண்டு உயரத்தில் போர்வை போட்டார்கள். இப்போது பெயரோடு நிறுத்துவதில்லை. ஊசியில் எத்தனை முறை நூல் சுற்ற வேண்டும், எத்தனை கண்ணி வழியாக இழுக்க வேண்டும் என்று எழுதிப் பக்கத்தில் படமும் போடுகிறேன்.

பெட்டியில் நூல் இப்போது ஒவ்வொரு நிறமும் வேறு வேறு எடையில் இருக்கிறது. சின்ன உருண்டையைப் பார்த்துவிட்டு, குறைவாக இருக்கிறதே என்று போன் செய்பவர்கள் உண்டு. போர்வை முடிந்ததும் மிச்ச நூலை நிறுத்து எழுதி அனுப்பச்சொல்லி ஓர் அட்டை வைக்கிறோம். வீட்டுத் தராசில் வைத்துப் படமெடுத்தே அனுப்புகிறார்கள். இறுக்கிப் போடுகிறவருக்கு ஒரு மாதிரி, தளர்த்திப் போடுகிறவருக்கு ஒரு மாதிரி மிஞ்சும். மாமனார் அவற்றைத் தன் பழைய வரவு நோட்டில், நெசவாளர் பெயர்கள் நின்றுபோன பக்கங்களுக்கு அடுத்து எழுதி வருகிறார். போன வாரம் கோத்தகிரி அம்மாள் இரண்டாவதாகப் பிறந்த பேரனுக்குத் தங்கைப் போர்வையை முடித்துவிட்டுப் படம் அனுப்பினார். கடைசி நிறத்தில் மிச்சம் 2 கிராம்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். "கைய இறுக்கிப் போடுற அம்மாவுக்கே ரெண்டுதான் நிக்குது அம்மிணி. ஓரக் கலருக்கு இன்னொரு அஞ்சு கிராம் சேர்த்துப் போட்டிரு."

"சரிங்க மாமா" என்று எடைக் கணக்கைத் திருத்திவைத்தேன்.