வீட்டு வாசலில் கியர்ப் பெட்டி

யமுனையின் கீழைக் கரையில், மயூர் விஹாரின் அடுக்கு வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சிறு கார் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. 2009-ஆம் ஆண்டிலேயே மெட்ரோ ரயில் நம் பகுதிக்கு வந்துவிட்டது. எனினும் முதியோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கும், திருக்குறள் எக்ஸ்பிரஸில் வந்து ஹஜரத் நிஜாமுத்தீன் நிலையத்தில் இறங்கும் உறவினரை அரிசி, அப்பளம், ஊறுகாய் மூட்டைகளுடன் வீடு சேர்ப்பதற்கும் அவ்வண்டியே துணை. அது படுத்துவிட்டால் இல்லத்தின் காரியங்களில் பாதி நின்றுவிடும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் வண்டி அவ்வாறு படுத்தது. விசையை அழுத்தினால் யந்திரம் உறுமியது. வண்டியோ மேம்பாலத்து ஏற்றத்தில் நகர மறுத்தது. கிளச்சுத் தட்டு தேய்ந்துவிட்டது என்றார் தெருமுனை மிஸ்திரி. தட்டின் விலையைக் காட்டிலும் கூலி மிகுதியாக இருப்பானேன் என்று வினவினேன். “கியர்ப் பெட்டியை இறக்காமல் கிளச்சைத் தொட முடியாது, பாபுஜி” என்பது அவர் விடை. அக்கூலியை மிச்சப்படுத்தும் எண்ணத்துடன், எதிர் வீட்டு இளைஞர் ஒருவரைத் துணை சேர்த்துக்கொண்டு, ஒரு ஞாயிறு காலையில் வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினேன். அதில் கற்றதையும், கற்றதற்குக் கொடுக்கவிருந்த விலையையும் சங்க அன்பர்களுக்குச் சொல்வது கடமை எனக் கருதுகிறேன்.

முதலில் அப்பெட்டி செய்யும் வேலையைக் காண்போம். நின்ற வண்டியை நகர்த்த வலிமை வேண்டும்; ஓடும் வண்டிக்கு வேகம் வேண்டும். சிறிய பற்சக்கரத்தால் பெரியதைச் சுழற்றினால் வேகம் குறைந்து வலிமை மிகும். இவ்வாறு வலிமையையும் வேகத்தையும் வேண்டியவாறு மாற்றித் தருவதே கியர்ப் பெட்டி. யந்திரத்தையும் அப்பெட்டியையும் வேண்டும்போது சேர்த்து, வேண்டாதபோது பிரிப்பது கிளச்சு. இரண்டிற்கும் நடுவே அது அமர்ந்திருப்பதால், ஒன்றை விலக்கினாலன்றி அதனை எடுக்க இயலாது.

அந்நாளைய அம்பாஸடர், பத்மினி வண்டிகளில் கியர்ப் பெட்டி யந்திரத்தின் பின்னே நீளவாட்டில் இருந்தது. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டு சென்றது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின், நம் சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கர இயக்கத்திற்கு மாறின. இவற்றில் யந்திரமும் பெட்டியும் முன்புறத்தில் குறுக்காக ஒட்டி நிற்க, இரு பக்கத்து அச்சுத் தண்டுகள் முன்சக்கரங்களைச் சுழற்றுகின்றன.

ஆகவே பெட்டியை இறக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதற்கண் பாட்டரியின் இணைப்பை அகற்ற வேண்டும். பின்னர் கியர் எண்ணெயை ஒரு பாத்திரத்தில் வடிக்க வேண்டும். இதை மறந்து தண்டுகளை உருவினால் எண்ணெய் தரையெல்லாம் பாயும். கிளச்சுக் கேபிள், பின்னோட்ட விளக்கின் கம்பி, ஸ்டார்ட்டர் மோட்டார், கியர் மாற்றும் இணைப்புகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, அச்சுத் தண்டுகளை உருவ வேண்டும். யந்திரத்தைத் தாங்கும் பிடிகளுள் ஒன்று பெட்டியோடு சேர்ந்தது. அதைக் கழற்றுமுன் யந்திரத்திற்குத் தனியே முட்டுக் கொடுத்தாக வேண்டும். அதன் பின்னரே இரண்டையும் பிணைக்கும் போல்ட்டுகளை எடுக்கலாம். அவை ஒரே நீளமுடையவை அல்ல. ஓர் அட்டையில் பெட்டியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் அந்தந்தப் போல்ட்டைக் குத்தி வைத்தோம். பிரிக்கும்போதே கூட்டுவதை நினைப்பவனுக்கு வேலை பாதி முடிந்தது எனலாம்.

இனி நேர்ந்ததைக் கூறுகிறேன். வண்டியோடு வந்த ஜாக்கியால் முன்புறத்தை உயர்த்தி, இரும்புத் தாங்கி இல்லாமையால் இரு பக்கமும் செங்கல் அடுக்கியிருந்தோம். இறுகிக் கிடந்த ஒரு போல்ட்டை நான் ஸ்பானரால் பலங்கொண்டு இழுத்தபோது வண்டி அசைந்தது. ஜாக்கி சாய்ந்தது, செங்கல் நொறுங்கியது, 700 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி கீழே இறங்கியது. அவ்விளைஞரின் தலையும் தோளும் அப்போது அதனடியில் இருந்தன.

கழற்றிய சக்கரம் வழியில் கிடந்தால் யாரேனும் தடுக்கி விழுவர் என்று சொல்லி, அதை வண்டிக்கடியில் தள்ளி வைக்கச் செய்திருந்தார் என் தாயார். வண்டி அச்சக்கரத்தின் மேல் வந்து அமர்ந்தது. இளைஞர் சட்டையில் எண்ணெய்க் கறையுடன் வெளியே வந்தார். அன்று அதற்குமேல் ஒருவரும் ஸ்பானரைத் தொடவில்லை.

அன்பர்களே, ஜாக்கி என்பது தூக்குவதற்கு; தாங்குவதற்கு அன்று. செங்கல்லோ எச்சரிக்கை தராமல் நொறுங்குவது. சமமான, உறுதியான தரையில் பின்சக்கரங்களுக்கு முட்டு வைத்து, இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இருத்தி, கையால் ஓங்கி அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்லுதல் வேண்டும். கழற்றிய சக்கரமும் அடியில் கிடக்கட்டும்.

கஷ்மீரி கேட்டின் மோட்டார் உதிரிப்பொருள் கடைவீதியில் அத்தாங்கிகளை வாங்கி வந்து, மறு ஞாயிறு வேலையை முடித்தோம். பெட்டியின் கனம் ஓர் அரிசிப் பையை ஒத்தது. ஆனால் பிடிப்பதற்கு வாகற்றது. அதை நேராகப் பின்னிழுத்து, மற்றொரு ஜாக்கியின் மேல் மெல்ல இறக்கினோம். திரும்பப் பொருத்துவதே கடினம். புதிய தட்டு நடுவில் சரியாக அமையாவிடில் பெட்டியின் தண்டு உள்ளே நுழையாது. பொறுமையிழந்து போல்ட்டை முறுக்கி இழுத்தாலோ, பெட்டியைத் தண்டின் மேலேயே தொங்க விட்டாலோ, புதிய தட்டும் கெடும். நிறைவில் புது எண்ணெய் ஊற்ற மறத்தலாகாது.

இன்னும் இரண்டு சொற்கள். பழைய கிளச்சின் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய தட்டுகளில் நுரையீரலுக்குக் கேடு செய்யும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைத்தலே நன்று. வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டினால் அது யமுனையையே சேரும். கழிவெண்ணெய் எடுப்போரிடம் கொடுத்துவிடுங்கள். மேலும், டில்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் ஓடலாகாது என்னும் தடையை 2018-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. 2025-இல் இது பற்றி மேலும் ஆணைகள் பிறந்தன. ஆதலின் பழைய வண்டிக்குப் பணமும் உழைப்பும் செலவிடுமுன் அதன் பதிவு நிலையை விசாரித்தறிதல் நலம்.

கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையில் ஓட்டலில் பணிபுரிந்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துத் திரும்பக் கூட்டியே யந்திர நுட்பம் கற்றார். பின்னர் 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். நாம் அத்துணை பெரிய காரியம் எதுவும் செய்துவிடவில்லை. எனினும் நாள்தோறும் ஏறிச் செல்லும் வண்டியின் உள்ளே நடப்பதைக் கண்ணால் கண்டு, கையால் தொட்டு அறிந்தோம். அருகில் நின்று பார்த்த தெருப் பிள்ளைகளும் அறிந்தனர்.

கூலியில் மிச்சமானதில் பெரும்பகுதி இரும்புத் தாங்கிகளுக்கே போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. அவை எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. வேண்டும் அன்பர் எவரும் வந்து எடுத்துச் செல்லலாம். எவரும் செங்கல் தேட வேண்டாம்.